இடப்பக்கப் பின்சக்கரம்

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேற்று, அக்டோபர் நான்காம் தேதி, சனிக்கிழமை, உங்கள் பழைய காரின் ஊளை நின்றது. அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தின் பேரிங் தேய்ந்ததுதான் அந்த ஊளைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். கணபதி கடைவீதிக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தவரும் நீங்களே. மழை விடட்டும், தீபாவளி கழியட்டும், இருவருமாக வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டவன் நான். தீபாவளி கழிந்து ஒன்பதாம் நாள், நவம்பர் ஒன்பது, காலை ஆறு பத்துக்கு உங்களுக்கு நெஞ்சு வலித்தது. அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பின்னிருக்கையில் என் தங்கை சரோஜாவின் மடியில் உங்கள் தலை. அந்தச் சக்கரத்துக்குப் பயந்து ஐம்பதுக்கு மேல் மிதிக்கவில்லை. மிதித்திருந்தால்? டாக்டரிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் உங்கள் முதல் திதி. உடுமலைப்பேட்டையில் உங்கள் பூர்வீக வீட்டில்தான் கொடுக்க வேண்டும். சரோஜா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அந்தச் சத்தத்துக்குள்ள இன்னொருக்கா நான் உக்கார மாட்டனுங்ண்ணா. வேற வண்டியிலயும் வரமாட்டேன். அவரு வண்டியிலதான் அவரு ஊருக்குப் போகோணும்."

உங்கள் மகள் பெங்களூரிலிருந்து போனில், "மாமா, அதையக் காயலான் கடைக்குத் தள்ளிப்போட்டு டாக்சி புடிங்க" என்றாள். ஆக, சத்தம் நிற்க வேண்டும். இல்லையேல் உங்கள் திதிக்கு உங்கள் மனைவி வரமாட்டாள். பட்டறையில் விட்டால் அரைநாள் வேலைதான். ஆனால் அது நாம் இருவரும் செய்வதாகப் பேசிய வேலை அல்லவா?

செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை, ஜாக்கி வைத்து இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிரம்மை இழுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பழைய பேரிங் இரண்டையும் தட்டி வெளியே எடுத்து, எல்லாவற்றையும் செய்தித்தாளின் மேல் பரப்பினேன். அதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. மறுநாள் ஆயுதபூசை, இரும்பைத் தொடக் கூடாது. துக்க வருடம் என்பதால் இங்கே உங்கள் வீட்டில் பூசை கிடையாது. ஆனாலும் வழக்கத்தை மீறாமல் படுத்துக் கிடந்தேன்.

வியாழனன்று புது பேரிங்குகளை ஏற்றி, கிரீஸ் வைத்து, நட்டை முறுக்கினேன். சக்கரம் அசையவில்லை. நட்டைத் தளர்த்தினால் ஆடியது. இறுக்கினால் பாறைபோல் நின்றது. வெள்ளிக்கிழமை முழுவதும் கழற்றினேன், பூட்டினேன், கழற்றினேன். நீங்கள் வாங்கியது பழுதோ என்றுகூட நினைத்துவிட்டேன். மன்னியுங்கள். எழுபத்து நான்கு வயதில் இது வேண்டாத வேலை என்று முதன்முறையாகத் தோன்றியது.

வாசலிலேயே வேலையாக இருந்தவன், சனிக்கிழமை காலைதான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். உங்கள் படத்தின் முன்னால் ஒரு தாம்பாளம். அதில் உங்கள் ஸ்பேனர்கள், உங்கள் சுத்தியல், நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு சிறு இரும்புக் குழாய். இரண்டு பேரிங்குகளும் ஒன்றையொன்று நெருக்காமல் இடையில் நிற்க வேண்டிய துண்டு அது.

"ஏனம்மணி, இதைய எங்கிருந்து எடுத்த?"

"செவ்வாக்கெழமை பேப்பரு மேல கெடந்துதுங்ண்ணா. நமக்கு பூசை இல்லீன்னாலும், அவரு வண்டி இரும்புக்கு ஒரு பொட்டு வெக்காம இருக்க மனசு கேக்குலீங்க. கழுவி வெச்சுப்போட்டேன்."

"ரெண்டு நாளா சக்கரம் சுத்துலீன்னு அங்க நான் பொணமா கெடக்கறேன்."

"நீங்க ஒருவார்த்தை கேக்கவே இல்லீங்களே. கணக்கா வேலை செய்யறவரு, எண்ணிப் பார்க்க வேண்டாங்களா?"

எண்ணவில்லைதான். பூசை இல்லை, யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள் என்ற உறுதியில், தாளில் இருந்ததே எல்லாம் என்று நம்பிவிட்டேன். பொட்டை அழிக்க வேண்டாம் என்றாள். அவள் திரும்பியதும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். குங்குமம் பேரிங்குக்கு ஆகாது. நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள். பதினொன்றே காலுக்குச் சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

மூன்று மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு சூலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். அதே பின்னிருக்கையில்தான் அமர்ந்தாள். நாற்பதில் சத்தம் இல்லை. ஐம்பதிலும் இல்லை. அறுபதைத் தொட்டபோது பின்னாலிருந்து ஏதோ ஒரு கரகரப்பு. மிதியிலிருந்து காலை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், சரோஜா வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நீங்கள் போனபின் மாத்திரை போட்டும் அவளுக்குத் தூக்கம் பிடித்ததில்லை, மாப்பிள்ளை. சூலூரில் திரும்புவதாக இருந்தேன். திரும்பவில்லை. பல்லடம் எல்லை வரைக்கும் நேராக ஓட்டினேன்.

வலப்பக்கப் பின்சக்கரத்தின் பேரிங்கையும் பதினைந்தாம் தேதிக்குள் மாற்றிவிடுகிறேன். முழங்கால் மறுத்தாலும் மாற்றுவேன். திதியன்று அவளை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு. ஆனால் வந்து சேரும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பமாட்டேன். ஐயர் காத்திருக்கட்டும். நீங்களும் சற்றுப் பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சரோஜாவின் அண்ணன்,
உங்களுக்கு என்றும் மச்சான்,
நாச்சிமுத்து