சிம்னி போட்டால் வரும் வாடை

மாமா,

இன்று சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டார்கள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு. மெஷின் நின்று, சிமெண்ட் தூசு அடங்கியதும் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தது. கூடவே ஊர் வாடையும் வந்தது. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கால்வாய்த் தண்ணீரும் கலந்த அந்த வாடையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டை போட வந்தவர் மூக்கைச் சுளித்து, "இன்னாக்கா, இத்த உள்ள வுடறதுக்கா இவ்ளோ பாடு?" என்று கேட்டார். ஆமாம், அதற்குத்தான் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அவர் மெஷினைத் துடைக்கப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால் "கரெக்டா கேட்டான் பாரு" என்று சிரித்திருப்பீர்கள். நீங்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன். வாடை உங்கள் மேல் இல்லை மாமா. ஒரு நாளும் இருந்ததில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் மனசு ஆறுவதற்காக எழுதுவது.

இந்த வீட்டைக் கட்டும்போது உங்கள் மகன் சிமெண்ட், கம்பி பற்றியெல்லாம் கவலைப்படவில்லை, ஜன்னலைப் பற்றித்தான் கவலைப்பட்டார். தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் பக்கம் பார்த்த மனை. ஆம்பூரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னதற்கு முறைத்தார். ரப்பர் பட்டை வைத்த கண்ணாடி ஜன்னல்கள் வந்தன. வாசல் கதவின் அடியில்கூடப் பட்டை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஜன்னலை ஒரு முறை திறந்து, ஒரு முறை மூடிக் காட்டினார். "மூடிட்டா டேனரி இருக்குன்னே தெரியாது" என்றார். நீங்கள் அந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கொசு கூட நொழையாதுடா" என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு பெருமை.

சமையலறைக்குப் பெரிய சிம்னி வாங்கினார். மீன் வறுத்தாலும் ஹாலுக்குத் தெரியாது என்று கடைக்காரர் சொன்னாராம். அது உண்மைதான். சுவிட்சைப் போட்டால் புகை, ஆவி, தாளிப்பு எல்லாவற்றையும் இழுத்து வெளியே தள்ளிவிடும். எங்கள் ஊரான கலவையில், அடுப்படிப் புகையில் கண் எரிந்து வளர்ந்தவள் நான். எனக்கு அந்த சிம்னி ரொம்பப் பிடித்திருந்தது. இவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதே, அதற்குப் பதில் காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று வீடு கட்டியவரும் கேட்கவில்லை, சிம்னி விற்றவரும் கேட்கவில்லை.

நீங்கள் தினமும் சாயங்காலம் பாயோடு டீக்கடைக்குப் போவீர்கள். உங்களோடு டேனரியில் அவ்வளவு காலம் வேலை பார்த்த தோஸ்த்தைப் பார்க்காமல் உங்களுக்குப் பொழுது போகாது. திரும்பி வந்ததும் குளியல். ஹாலை ஒட்டிய அந்தக் குளியலறையை நீங்கள் மட்டும்தான் பயன்படுத்தினீர்கள். வீட்டில் அதற்கு 'அப்பா பாத்ரூம்' என்றே பேர். அந்த நேரத்தில் நான் சிம்னியைப் போட்டுச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருப்பேன், உங்கள் மகன் ஷூ கம்பெனியிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்திருப்பார். குடி வந்த புதிதில் ஒரு நாள், நீங்கள் துண்டோடு கதவைத் திறந்து வெளியே வந்தீர்கள். வாடை குப்பென்று ஹாலுக்குள் அடித்தது. சமையலறையில் நின்ற என் வரைக்கும் வந்தது.

"இன்னாப்பா, இன்னும் டேனரிக்குள்ள போய்ட்டு வர்றியா?" என்றார் அவர்.

"டீ குடிக்கத்தான்டா போனேன்."

"டீ குடிச்சா இந்த நாத்தம் வருமா? போய் நல்லா சோப்பு போட்டுக் குளி."

"இப்பதானடா குளிச்சேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் மறுபடியும் தண்ணீரை ஊற்றிக்கொண்டீர்கள். மறுபடியும் கதவைத் திறந்தீர்கள். மறுபடியும் அதே வாடை. சிம்னி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காலையில் இந்தத் தொல்லை இருக்காது. பால்காரர், பள்ளி வேன் என்று வாசல் கதவு திறந்தே கிடக்கும். சாயங்காலம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்காரும்போதுதான் வரும், நீங்களும் அப்போதுதான் வருவீர்கள். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நீங்கள் முதலில் டீக்கடையை விட்டீர்கள். பாய் நம் வீட்டு வாசல் வரை வந்து கூப்பிட்டும் போகவில்லை. சோப்பை மாற்றினீர்கள். எலுமிச்சைத் தோலும் வேப்பிலையும் போட்டுத் தேய்த்து முழங்கை சிவந்து போனது. பழைய வேலைச் சட்டைகளைத் தெருமுனையில் போட்டுக் கொளுத்தினீர்கள். கடைசியில் நீங்களே ஒரு முடிவுக்கு வந்தீர்கள்.

"ஒடம்புக்குள்ள ஏறிப்போச்சிம்மா. எத்தினி வருசம் சுண்ணாம்புத் தொட்டில நின்னேன். எலும்புல பூந்துகிச்சி."

"உங்க சட்டைய நான்தான மாமா தொவைக்கிறேன். மோந்து பாத்தேன். வேர்வையும் சோப்பும்தான் வருது" என்றேன்.

"நீ மரியாதைக்குச் சொல்ற."

எனக்கு மரியாதை கம்மி என்று கலவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் மகனிடம் அதே சட்டையை நீட்டி, "மோந்து பாருங்க" என்றேன். அவர் கையால் தள்ளிவிட்டார். "உனுக்கு இன்னா தெரியும்? நீ இந்த நாத்தத்துல பொறந்து வளந்தியா?" என்றார். பிறகு ஒரு நாள் அவராகவே சொன்னார். பள்ளிக்கூட வாசலுக்கு நீங்கள் மதியச் சாப்பாடு கொண்டுவருவீர்களாம். தூரத்தில் உங்களைப் பார்த்ததுமே பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரிப்பார்களாம். பெஞ்சில் இவருக்குப் பக்கத்தில் இடம் எப்போதும் காலியாகவே இருக்குமாம். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். எதற்காக அந்த ரப்பர் பட்டைகளை வாங்கினார் என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது.

பாப்பா உங்கள் மேல் ஏற ஓடி வருவாள். நீங்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "கிட்ட வராத கண்ணு, தாத்தா மேல நாத்தம்" என்பீர்கள். குழந்தைக்கு என்ன தெரியும்? 'நாத்தத் தாத்தா' என்று உங்களுக்குப் பேர் வைத்துவிட்டாள். அடிக்கக் கை ஓங்கினேன். குறுக்கே வந்து தடுத்தவர் நீங்கள்தான், அதுவும் அவளைத் தொடாமல், எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. குழந்தை மேல் இல்லை, உங்கள் மகன் மேல்கூட அவ்வளவு இல்லை. உங்கள் மேல்தான். ஏன் மாமா அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டீர்கள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காரச் சொன்னார்கள், எல்லாம் சரி. அதற்காக, சொந்த வீட்டில், மூன்று வேளை குளித்துவிட்டு நிற்கும்போதுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "எம்மேல இல்லடா, வேற எங்கனா பாரு" என்று கத்தியிருந்தால், யாராவது வேறு எங்காவது பார்த்திருப்போம்.

நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் போனீர்கள். அப்புறம் பாயையும் தலையணையையும் கார் ஷெட்டுக்குக் கொண்டுபோனீர்கள். நான் திரும்ப உள்ளே கொண்டுவந்து போடுவேன், நீங்கள் திரும்ப எடுத்துப்போவீர்கள். "இங்கதான் காத்து ஜாஸ்தி வருது" என்று எனக்குச் சமாதானம் சொல்வீர்கள். மார்கழிப் பனியில் இருமல் பிடித்தது. டேனரிச் சுண்ணாம்பும் மருந்துத் தூசியும் ஏற்கெனவே தின்று வைத்திருந்த நெஞ்சு அதைத் தாங்கவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்கள் மகன் ஆம்பூரிலிருந்து கிளம்பி, பள்ளிகொண்டா தாண்டி, லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

வீட்டில் உங்களைக் கிடத்தியதும் அவர் செய்த முதல் காரியம் ஒரு செண்ட் பாட்டிலை முழுசாக உங்கள் மேல் கவிழ்த்ததுதான். கம்பெனி ஆட்கள் மாலையோடு வரப்போகிறார்களே என்ற பயம். பாய் வந்தார். உங்கள் நெற்றியில் கை வைத்துவிட்டு நிமிர்ந்து, "இன்னாடா இவ்ளோ செண்ட்டு? வேலை முடிஞ்சா குளிக்காம டேனரி கேட்டத் தாண்டாத ஆளுடா உங்கப்பன்" என்றார்.

காரியம் முடிகிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாப்பாடு வெளியிலிருந்து வந்தது, கதவெல்லாம் திறந்து கிடந்தது. ஒரு நாள் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே அவர் என்னைப் பார்த்து, "வாடையே இல்ல, பாத்தியா" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்வதா அறைவதா என்று தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போன அன்று சாயங்காலம் கதவைச் சாத்தினேன். சிம்னியைப் போட்டு, கடுகு தாளித்தேன். கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. அதே வாடை. ஒரு நொடி நீங்கள் குளித்துவிட்டு வருகிறீர்கள் என்றே நினைத்தேன். "மாமா" என்று சத்தமாகக் கூப்பிட்டும்விட்டேன்.

பிறகுதான் ஓடிப்போய் அந்தக் குளியலறைக் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்தது. தரை காய்ந்து கிடந்தது, நீங்கள் போன பிறகு அங்கே யாரும் குளிக்கவில்லை. தண்ணீர் போகும் சல்லடையில் ஒரு முடி சிக்கியிருந்தது. அது மேல் பக்கமாக எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். கீழேயிருந்து காற்று வந்தது மாமா, நன்றாகவே வந்தது. ஓடிப்போய் சிம்னியை நிறுத்தினேன். காற்று நின்றது. சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிம்னியைப் போட்டேன். சல்லடையில் காற்று இல்லை. ஜன்னலை மூடினேன், வந்துவிட்டது. கடுகு கரிந்து கரியாகும் வரைக்கும் பைத்தியக்காரி மாதிரி இதையே செய்துகொண்டிருந்தேன்.

விஷயம் அவ்வளவுதான். சிம்னி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளின அளவுக்கு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இடுக்குகளை எல்லாம் நாம் அடைத்துவிட்டோம். மிச்சம் இருந்தது அந்தச் சல்லடை ஒன்றுதான். அதற்குள் தண்ணீர் நிற்க ஒரு சின்னக் கிண்ணம் இருக்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் கால்வாய் வாடையைத் தடுக்கும். அழுக்கு அடைக்கிறது என்று அந்தக் குளியலறையில் மட்டும் வீடு கட்டும்போதே அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய் போய்ச் சேர்வது டேனரித் தண்ணீர் ஓடும் கால்வாயில். வாடை குளியலறைக்குள் வந்து நிரம்பிவிடும். நீங்கள் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் உங்களோடு வெளியே வரும்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சல்லடை மேல் வைத்தேன். சிம்னியை நிறுத்திக் காட்டினேன், போட்டுக் காட்டினேன். மண்டியிட்டபடியே இருந்தார். "நீ அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேன். ஒங்ககிட்டயும் சொன்னேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா வந்து கூப்பிட்டும் எழவில்லை. அடுத்த நாள் அவரே கடைக்குப் போய் அந்தக் கிண்ணத்தை வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டினார். வாடை நின்றது. ஆனால் சிம்னி போட்டால் வாசல் கதவு விசிலடித்தது, சமையலறைக் கதவை இழுத்துத் திறக்க வேண்டியிருந்தது. சுவரில் ஓட்டை போட வேண்டும் என்றேன். "அதான் கிண்ணம் போட்டாச்சே, ஓட்டையப் போட்டா நாத்தம் உள்ள வருமே" என்றார். "வரட்டும். வெளியேருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன். தலையை ஆட்டினார். இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் தலையை ஆட்டுகிறார். அவர் குளித்துவிட்டு வந்து தன் கையையே மோந்து பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். அவர் பாடும் கஷ்டம்தான், மாமா.

அதனால்தான் ஒன்றை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொன்னால் தாங்க மாட்டார். நானும் தாங்கவில்லை, யாராவது ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம். அவர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. உங்களிடம் சொன்னேன். மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். தண்ணீர் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்துக் குனிந்தேன். "அவன் வர்றதுக்குள்ள ஒருவாட்டி ஒடம்பத் தொடச்சி வுடச் சொல்லும்மா. பேஜாராயிடுவான்" என்றீர்கள். நர்ஸ் வேறொரு கட்டிலில் அவசரமாக இருந்தார். நானே துண்டை நனைத்தேன். மருமகள் தொடுகிறாளே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். கழுத்து, தோள், சுண்ணாம்பு அரித்த தழும்புகள் இருக்கும் கை, விரல் இடுக்கு. துடைத்து முடித்து, உங்கள் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்ல மாமா. சத்தியமா" என்றேன்.

நீங்கள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னீர்கள்: "இன்னொரு வாட்டி தொடை, கண்ணு."