கணக்கில் சேராத ரெண்டரை வருஷம்

அன்பு அப்பாவுக்கு, விஜிதா கும்பிட்டு எழுதுறது. ரத்தோட்டையில மழை விட்டுச்சா? மூட்டு வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்.

கனடா பிரஜாவுரிமை கிடைக்கலப்பா. கடைசி ஐஞ்சு வருஷத்துல மூணு வருஷம் இங்க இருந்திருக்கணும். நாள் பத்தாதுன்னு தெரிஞ்சுதான் விண்ணப்பிச்சேன். கிடைச்சா உங்களோட வந்து எத்தனை மாசம்னாலும் இருக்கலாம்னு ஒரு ஆசை.

"ரெண்டரை வருஷம் ஏன் ஊர்ல இருந்தீங்க?"ன்னு அதிகாரி கேட்டாரு.

"சாகக் கிடந்த அம்மாவப் பார்த்துக்கிட்டேன்"னு சொன்னேன்.

"வருத்தமா இருக்கு. ஆனா அந்த நாளுங்கள சேர்க்க முடியாது"ன்னாரு.

அம்மாவோட இருந்ததுக்கு நான் வருத்தப்படல. நீங்களும் படாதீங்க. ஆனா நான் திரும்பி வந்து ஒரு வருஷம்தான் ஆகுது; மூணு வருஷம் நிரம்ப இனி ரெண்டு வருஷம் இங்கேயிருந்து அசைய முடியாது.

மாத்தளை கிளினிக்குக்குத் தவறாம போங்க. பிரஷர் குளிசைய விட்டுறாதீங்க. உங்களுக்கு ஒன்னுன்னா இந்தத் தடவை என்னால வர முடியாதுப்பா.

வேலைக்குப் போற பஸ் வந்துருச்சு, இத்தோட முடிக்கிறேன்.

மகள் விஜிதா