உடையாதது ஒன்று வேண்டும்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. தையல் மெசினுக்குள் மணல். துடைத்துத் துடைத்துக் கை வலி. வாங்க: கறுப்பு நூல், மெசின் எண்ணெய், கல் கழுவ மெதுவான பிரஷ் ஒன்று.

ஓமானில் வேலை செய்யும் இவர் அனுப்பிய பார்சல் வந்தது. இவரோடு அதே ரோட்டு வேலையில் இருக்கும் ஓட்டமாவடி ரிழாவின் கையில் கொடுத்து விட்டிருந்தார். ரிழா லீவு முடிந்து நாளை ஓமானுக்குத் திரும்புகிறாராம். பால்மா டின், உள்ளே காலுறை, காலுறைக்குள் கல்.

"ராத்தா, எயார்போட்ல திறந்து பாத்திட்டு, இத என்னத்துக்குக் கொண்டு போறாய் என்டு கேட்டானுகள். ராத்தாட பைத்தியம் என்டு சொல்லிட்டு வந்தன்."

என்றார் ரிழா. பைத்தியம்தான். முதல் லீவில் இவர் சும்மா ஒரு கல்லைக் கொண்டுவந்தார். உருண்டை, மேலே ஊசியால் குத்தியதுபோல் ஐந்து வரிசைப் புள்ளி. மகள் ஸஹ்ராதான் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டி, கடல்முள்ளி என்ற கடற்பிராணி, கல்லாய்ப் போனது என்றாள். நம்பவில்லை. புன்னைக்குடாக் கடற்கரையில் தேடி, முள் உதிர்ந்த வெள்ளை ஓடு ஒன்று எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஐந்து வரிசை. அந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் அடிநிலம் தெரியும் ஆழமில்லாத கடலாம். அன்று பிடித்த பைத்தியம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு இவரோடு வீடியோ கோல். கல் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"தட்டையான சாதி எங்க? பூப் போட்டது?"

"அது கேம்புக்கு அங்கால, வெள்ளை மேட்டுல கெடக்கு. எல்லாம் உடைஞ்சது புள்ள."

"உடையாதது ஒண்டு வேணும்."

"வெள்ளிக்கிழம லீவுதானே. பாப்பம்."

பக்கத்து வளவு பௌசியா ராத்தா (என் கூடப்பிறந்த அக்கா, வாய்க்குப் பூட்டு இல்லை) எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "மத்தவள்ற மாப்பிளமார் சென்ட் அனுப்புறாங்க, கம்பளி அனுப்புறாங்க. உனக்குக் கல்லு. நல்ல சோடிதான்."

ஜூலை 9, புதன்

வெயில். மீன் இல்லை, முட்டைக் குழம்பு.

மேசன் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஸஹ்ராவுக்குக் கட்டும் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. கூரை போட இவர் இன்னும் எவ்வளவு காலம் அங்கே காய வேண்டுமோ. எங்கள் ஊரில் வீடு இல்லாத பெண்பிள்ளைக்குக் கலியாணப் பேச்சே வராது. ஸஹ்ரா கம்பஸுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். அதிலும் எனக்கு ஆத்திரம்.

இருப்புக் கொள்ளவில்லை. அபாயாத் துணியில் தையல் சோக்கால் தட்டைக் கடல்முள்ளி வரைந்திருக்கிறேன், நடுவில் ஐந்து இதழ். நல்லவேளை, அழிந்தது. வெள்ளி எப்போது வரும்.

ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். ஜும்ஆ முடிந்து இவர் படம் அனுப்பினார். வெள்ளை மேடு, கீழே உப்புப் பூத்த தரவை வெளி, ஓரத்தில் கேம்ப் பிக்கப். பிறகு குரல் மெசேஜ்: "இஞ்ச கனக்கக் கெடக்கு புள்ள. எல்லாம் பாதி பாதி. வெயில் தாங்க ஏலா, திரும்பப் போறன்."

நானும் குரலில் அனுப்பினேன்: "இன்னும் கொஞ்சம் அங்கால போய்ப் பாருங்களன்." கேட்டுவிட்டார், நீல டிக். பிறகு "கிடைச்சிதா?" என்று அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை.

ஒற்றை டிக்.

அசர். ஒற்றை டிக். மஃரிப். ஒற்றை டிக். அங்கே சிக்னல் இல்லைதான். முந்தியும் இப்படி நடந்தது. நடந்ததா? நினைவில்லை.

ஜூலை 12, சனி

ரிழா கோல் எடுத்தார். இவர் இரவு கேம்புக்கு வரவில்லை. பிக்கப்பும் இல்லை. கம்பெனிக்காரர் தேடுகிறார்களாம். "ராத்தா, எந்தப் பக்கம் போனவர் என்டு தெரியுமா?" தெரியும். அந்தப் படத்தை அனுப்பினேன். என் குரலையும் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான்.

ஒரே அபாயாவுக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டேன். பிரித்தேன். பிறகும் இடது கை. மெசினை மூடிவிட்டேன்.

ஓமானில் இன்றைய சூட்டை ஃபோனில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இவரிடம் தண்ணீர் எவ்வளவு? வெயிலில் தொப்பி போடாத மனிதர். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

ஸஹ்ராவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டாள். அங்கால போகச் சொன்ன என் மெசேஜையும் கேட்டிருப்பாள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் நல்லது.

ராத்தா வந்தாள். கல் என்று ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து யாசீன் ஓதினாள். எனக்கு எழுத்து மங்கியது, அவள் குரலைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். யா அல்லாஹ், இவரைத் தா. வேறு எதுவும் கேட்க மாட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. வாசலுக்கும் அடுப்படிக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

சுபஹ் தொழுதுகொண்டிருக்கும்போது ரிழாவின் கோல். தொழுகை முடித்துச் சலாம் கொடுக்கும்வரை ஃபோனை எடுக்க முடியாமல், அந்த இரண்டு ரக்அத் எப்படித் தொழுதேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆள் உயிரோடு. மேட்டைத் தாண்டி அங்கால போன இடத்தில் மேலே காய்ந்த உப்பு, கீழே சேறு. பிக்கப் அச்சுவரை இறங்கிவிட்டது. பகலில் அதன் நிழலில் கிடந்து, பொழுது பட்டபின் நடந்திருக்கிறார். ரோட்டோரம் ஆடு ஏற்றிப்போன ஓமானிக்காரர் கண்டு ஏற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேலைன்.

ரிழா ஃபோனை இவர் காதில் வைத்தார். மூச்சுத்தான் முதலில். பிறகு, அறுந்த குரல்:

"புள்ள, கோவிச்சிக்காத. உடையாதது கிடைச்சிது. கனம், நடக்க ஏலாமப் போச்சு. வழியில போட்டுட்டன்."

உயிர் தப்பி வந்த மனிதன் பெண்சாதியிடம் சொன்ன முதல் சொல் இது. நான் என்ன சாதிப் பெண்பிள்ளை. ஃபோனை ஸஹ்ராவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் கத்தி அழுதேன். ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மௌத்தா, ஆள் போயிட்டாரா?" என்று அலறினாள். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப என்னத்துக்குடி ஊரைக் கூட்டுறாய்!" அவளும் அழுதாள்.

ஜூலை 15, செவ்வாய்

மழைக்கோலம், மழை இல்லை. கறுப்பு நூல் இன்னும் வாங்கவில்லை.

இன்று இவர் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். கஞ்சி குடித்தாராம். உதடு வெடித்திருக்கிறது. நானும் நல்ல பிள்ளையாக, தலையிடியா, நித்திரை கொண்டீங்களா என்றெல்லாம் கேட்டேன். பிறகு, அல்லாஹ்மேல் சத்தியமாக, நான் நினைத்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டது:

"எவடத்துல போட்டீங்க?"

சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார்.

"தெரியும்தான் புள்ள. ஆனா இனி அங்க போக ஏலா. கேக்காம பிக்கப் எடுத்ததுக்கு வேலையால நிப்பாட்டிட்டாங்க. வியாழக்கிழம டிக்கட்."

ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள். கூரை, ஸஹ்ராவின் எதிர்காலம், எல்லாம் சொல்லிச் சொல்லி. அவள் சொல்வது முழுக்கச் சரி. நானும் ஓம் ஓம் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஆனால் வருகிறார். வியாழக்கிழமை. எனக்குச் சந்தோஷம். அல்லாஹ் மன்னிக்கட்டும், வேறொன்றும் இல்லை, சந்தோஷம்தான்.