பெயர் எழுதாத பொய்

உன் தம்பி மனைவி நேற்று வந்துவிட்டுப் போனாள். உன் அலமாரியை ஒழித்தார்களாம். "உங்க ரெண்டு பேரு பேரும் போட்டிருந்துதுங்க அக்கா, நீங்களே வெச்சுக்குங்க" என்று ஒரு நீள நோட்டை மேசைமேல் வைத்தாள். பழுப்பு அட்டை போட்ட நோட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. திறந்ததும் அந்துருண்டை வாசம். அதற்கு அடியில் லேசாக உன் முகப்பவுடர் வாசமும் இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மத்தியானம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமைக்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் அலுப்புத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய நோட்டு அது. ஆர்.எஸ்.புரத்தில் நம் மோட்டார் கம்பெனியின் விற்பனை ஆபீஸ். நீ டெஸ்பாட்ச் பார்த்தாய், நான் டைப் அடித்தேன். போனில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி மேலே போக வழி என்று மேனேஜர் சொல்லிவிட்டதால், சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக்கடை மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். ஒருநாள் சார் போர்டு நிறைய எழுதிப்போட்டார். காசிப், ரூமர், ஃபிப், ஒயிட் லை, டால் டேல், ஸ்லாண்டர். ஊர்வம்புக்கும் கதையளப்புக்கும் பொய்க்கும் அவர்களிடம் இருக்கும் பெயர்கள். ஊர்வம்பு காசிப், நம்பமுடியாத கதையளப்பு டால் டேல், குழந்தைகள் சொல்லும் சின்னப் பொய் ஃபிப். மனம் நோகாமல் இருக்கச் சொல்வது ஒயிட் லை. ஒருவர் பெயரைக் கெடுக்கச் சொல்வது ஸ்லாண்டர்.

"கல்யாண மளிகைக்குக்கூட இத்தனை லிஸ்ட்டு போடமாட்டோம் அம்மணி, பொய்யில எத்தனை தினுசு வெச்சிருக்கறாங்க பாரு" என்று நீ சிரித்தது பின்வரிசை வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமையே அதை விளையாட்டாக்கிவிட்டாய். இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் அதற்குப் பொருத்தமான ஆளும் அவர் சொன்ன வாக்கியமும். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஸ்கூட்டருக்குக் குறுக்கே சிறுத்தை படுத்திருந்தது என்று சொன்ன ஸ்டோர் கீப்பர் டால் டேலில் போனார். ஆபீஸிலேயே உட்கார்ந்துகொண்டு போனில் "திருப்பூர்ல இருக்கறனுங்க" என்ற மேனேஜரை ஒயிட் லையில் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். காசிப்புக்கு எதிரே மட்டும் நம் இருவர் பெயரையே எழுதினாய். "ஆம்பளைங்க டீக்கடையில பேசுனா அரசியலு, நாம டிபன் பாக்ஸைத் தொறந்தாலே பொறணி. அவங்க சொல்றதுக்கு முன்னால நாமளே எழுதிக்குவோம்" என்றாய்.

நான் ஏறும் துடியலூருக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே நீ பஸ் ஏறிவிடுவாய். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். "ஆள் வருதுங்களா?" என்று யார் கேட்டாலும் "வருதுங்க, அடுத்த ஸ்டாப்புல" என்பாய். எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு வருஷம். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மாமியார் அதுவும் பேசமாட்டார். போகும்போது அரைமணி, வரும்போது அரைமணி, அந்த பஸ்ஸில் உன்னோடு பேசியதுதான் என் பேச்சு முழுவதும். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் சோமனூரிலிருந்து உனக்கு வரன் வந்தது. பத்துத் தறி ஓட்டும் குடும்பம். உனக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை இந்த நோட்டுக்குள்தான் வைத்திருந்தாய். "என்னமோ அம்மணி, இந்த மனுசன் மூஞ்சியில பொய் இல்ல" என்றாய். அதற்கு முன் வந்த எந்த வரனைப் பற்றியும் நீ அப்படிப் பேசியதில்லை. நான் போட்டோவைப் பார்த்துவிட்டு, காது கொஞ்சம் பெரிசு என்றேன்.

நீ லீவு போட்ட ஒரு மத்தியானம் வயதான ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தார். கிணற்றுக்கு மோட்டார் பார்க்க வந்ததாகச் சொன்னார். எத்தனை எச்.பி. வேண்டும் என்று கேட்டதற்கு, "அது கெடக்குதுங்க கண்ணு" என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். சோமனூர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் பக்கத்தில் பெண் எடுக்குமுன் நேரடியாக வந்து விசாரிக்கமாட்டார்கள். வேறு ஏதோ வேலையாக வந்தது போல வந்து, பெண்ணோடு பழகும் ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். அந்த ஒருவர் வாயில் வருவதுதான் முடிவு. அதிலும் குறை சொன்னால் பொறாமையில் பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, உங்ககூட வேலை செய்யுமே, அந்தப் புள்ள எப்படீங்க?"

"தங்கமான புள்ளைங்க" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இங்கிலீசு தண்ணி பட்ட பாடுங்க. வெளிநாட்டுக்காரங்க வந்தா அவதான் பேசுவா. இன்னும் ரெண்டு மாசத்துல பெங்களூருக்கு மேனேஜரா போறா. கல்யாணத்துல அவளுக்கு அத்தனை இஷ்டமில்லீங்க, ஊட்டுலதான் புடிச்சுத் தள்றாங்க."

அந்த அம்மா கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். "நல்லதைச் சொன்னீங்க கண்ணு. பத்துத் தறிய வெச்சுக்கிட்டு நாங்க எங்கீங்க அந்தப் புள்ளைக்கு ஈடாவோம்" என்று எழுந்து போனார். மோட்டார் விலையைக் கடைசி வரை கேட்கவில்லை.

அடுத்த வாரம் தரகர் உன் வீட்டுக்கு வந்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பஸ்ஸில் நோட்டைத் திறந்து, ஒயிட் லைக்கு எதிரே அவரை எழுதினாய். பச்சை மை. "போட்டோவைத் திருப்பிக் குடுத்துப்போட்டேன் அம்மணி" என்றாய். சிரித்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றும் எனக்கு இடம் பிடித்துத்தான் வைத்திருந்தாய்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களை நீயே வேண்டாமென்றாய். அப்புறம் உன் அம்மா படுக்கையில் விழுந்தார், வருஷங்கள் போயின. என்றோ ஒருநாள், வடவள்ளி கிளைக்கு யாரையோ மாற்றிய பேச்சு வந்தபோது, "என்னை எப்பத்தான் பெங்களூருக்கு மாத்துவாங்களோ" என்றாய். ஏதோ சும்மா சொல்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேர்ந்து சிரித்தேன். அந்த நிமிஷம் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பதினோரு நாளில் என்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், நர்ஸ்களைப் பற்றி வம்பு பேசினேன்.

நேற்று நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. வலப்பக்கத்தில் உன் குண்டு எழுத்து: "பெங்களூருக்கு மேனேஜரா போறா. கல்யாணத்துல அவளுக்கு இஷ்டமில்ல." கீழே என் பெயர். தரகரை எழுதிய அதே பச்சை மை. ஆக அந்த வாரமே உனக்குத் தெரிந்திருக்கிறது. தரகர்தான் வாய்தவறிச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் அத்தனை வருஷமும் பக்கத்து சீட்டில் பையை வைத்தாய்.

இடப்பக்கம், சொல் எழுத வேண்டிய இடம் காலி. பென்சிலில் எழுதி அழித்த தடம் மட்டும் இருக்கிறது. பலமுறை அழித்திருக்கிறாய், அந்த இடத்தில் காகிதம் மெலிந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என்ன எழுதி அழித்தாய் என்று தெரியவில்லை.

நானும் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தேன். உன்னைப் பற்றிய பெருமையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். பெருமை ஒன்றும் இல்லை. நீ சோமனூருக்குப் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன் என்ற பயம். அதற்காக உன் வாழ்க்கையைக் கெடுத்தேன். இந்த வரியை எழுத எனக்கு இத்தனை வருஷமும் உன் சாவும் வேண்டியிருந்திருக்கிறது. நீ காலியாக விட்ட இடத்தை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

இன்று காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நீ செய்வது போலவே கை தானாகப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, "ஆள் வருதுங்களா அம்மா?" என்று கேட்டாள்.

"வருதுங்க கண்ணு," என்றேன், "அடுத்த ஸ்டாப்புல."