என் பெயரில் நிற்கும் சினிமாக் கோயிலை அகற்றி மடையைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்
நா. காத்தாயி, வயது 49,
க/பெ. நாகராசு,
தெற்குத் தெரு, ஆவரங்காட்டுப்பட்டி,
கந்தர்வக்கோட்டை வட்டம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
கந்தர்வக்கோட்டை.

பொருள்: எங்கள் ஊர்ப் பெரியகுளத்து மடையின் மேல் சினிமாவுக்காகப் போட்ட பலகைக் கோயிலை அகற்றி, நெற்பயிருக்குத் தண்ணீர் விட வேண்டுவது, அந்தக் கோயிலின் தெய்வம் நான்தான், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைத் தெரிவிப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பில் பாதி வரை படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் தப்பில்லை.

1. எங்கள் ஊரில் பிறந்து சென்னையில் இயக்குநராக இருக்கும் திரு. உதயசூரியன், தம்முடைய சின்ன வயதுக் கதையையே சினிமாவாக எடுத்தார். ஐப்பசியில் வெளிவந்தது. சிரிப்புப் படம்தான். வாத்தியார் சைக்கிளில் அவர் காற்றைப் பிடுங்கியது, முந்திரிக்கொட்டைப் பால் பட்டு உதடு வெந்து மூன்று நாள் வாயைத் திறக்காமல் ஊரே நிம்மதியாக இருந்தது, எல்லாம் நடந்தது நடந்தபடி வந்திருக்கிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் மட்டும் நான் செத்துப்போகிறேன்.

2. நடந்தது இதுதான். அவர் எட்டு வயதில் தாமரை பறிக்கக் குளத்தில் இறங்கி முங்கினார். பத்து வயதுப் பிள்ளையான நான் குதித்து, அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டேன். பிறகு இரண்டு பேரும் அவரவர் வீட்டில் அடி வாங்கினோம். படத்தில் அவரைக் கரையில் தள்ளிவிட்டு நான் தண்ணீரோடு போய்விடுகிறேன். ஊர் கூடி மடையருகே எனக்குக் கன்னித் தெய்வமாகக் கோயில் எழுப்புகிறது. புதுக்கோட்டை தியேட்டரில் அந்த இடம் வந்ததும் என் கணவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து சீட்டில் நான் முறுக்குத் தின்றுகொண்டு இருந்தேன். இதை இயக்குநரிடம் போனில் கேட்டதற்கு, "அக்கா, நீங்க செத்ததாலதான் படம் ஓடுது. உசுரோட வந்திருந்தா ரெண்டு நாள்ல தூக்கியிருப்பாங்க" என்றார். அவர் பிழைப்பு நடக்கட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. புகார் படத்தின் மேல் அல்ல, கோயிலின் மேல்.

3. அந்தக் கோயிலைச் சித்திரையில், குளம் வற்றிக் கிடந்தபோது போட்டார்கள். மடையைத் திறக்கும் இரும்புத் திருகுகம்பியை நடுவில் விட்டு, சுற்றிப் பலகை அடித்து, அந்தக் கம்பிக்கே சிவப்புப் பாவாடை கட்டி, வெள்ளியில் கண் வைத்து, அதைத்தான் நான் என்றார்கள். பூசாரி வேடத்துக்கு எங்கள் ஊர்ப் பூசாரி சந்தனம் அண்ணனையே நிறுத்தினார்கள். உடுக்கை அடித்துத் தெய்வத்தை அழைக்கிற மாதிரி நடிக்கச் சொன்னார்கள். அவருக்கு நடிக்கத் தெரியாது. அழைக்கத்தான் தெரியும். ஆறு தடவை எடுத்தார்கள், ஆறு தடவையும் மனதார அழைத்துவிட்டார். எங்கள் பக்கம் அழைத்த தெய்வத்தை வழியனுப்பாமல் கலைந்து போகிற வழக்கம் கிடையாது. சினிமாக்காரர்கள் மறுநாள் வேன் ஏறிவிட்டார்கள். வழியனுப்புகிற காட்சி கதையிலேயே இல்லையாம்.

அன்றிலிருந்து விளக்கு எரிகிறது. படம் வந்த பிறகு கூட்டமும் வருகிறது. கறம்பக்குடியில் இருந்து கூட வேன் பிடித்து வந்து வளையல் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

4. ஐயா, இப்போது குளம் ததும்பி நிற்கிறது. மடைக்குக் கீழே எங்களையும் சேர்த்து ஒன்பது குடும்பத்து நிலம், இருபத்தோரு ஏக்கர், இதுவரை மழையிலேயே வளர்ந்த பயிர் கதிரை உள்ளே பொதிந்து நிற்கிற பருவத்தில் வெடித்துக் கிடக்கிறது. பத்து நாளைக்குள் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் வந்தாலும் பதர்தான். கம்பியைத் திருகினால் மடை திறக்கும். ஆனால் பாவாடை கட்டிய தெய்வத்தை யார் திருகுவது என்று ஒருத்தரும் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

5. "நான்தானே அது, என்னை நானே திருகிக்கொள்கிறேன்" என்று ஒரு நாள் போனேன். சந்தனம் அண்ணன் மறித்துக்கொண்டு, "செருப்பைக் கழட்டு தாயி. அது குளத்துல செத்த காத்தாயி. நீ ரேஷன் கடையில சண்டை போடுற காத்தாயி. ரெண்டும் ஒண்ணாகுமா?" என்றார். செத்தது நான் இல்லையா என்று கேட்டேன். "நீ எங்க செத்த? செத்திருந்தா ஒன்கிட்டயே வரம் கேட்டிருப்போமே" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

6. இயக்குநர் வீடியோ காலில் வந்து "அது வெறும் பலகை, பிரிச்சிருங்க" என்று சொன்னார். ஊர்க்காரர்கள், அவர் நம் பக்தியைச் சோதிக்கிறார் என்று சொல்லி இன்னொரு தேங்காய் உடைத்தார்கள்.

7. பக்கத்து வீட்டு வைஷ்ணவி பிளஸ் டூ படிக்கிறது. பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று அந்தக் கம்பியில் பேனா கட்டிவிட்டு வந்தது. என்னிடமே நேரில் கேட்டிருக்கலாமே என்றேன். "அத்தை, நீங்க அஞ்சாப்பே முடிக்கலை, ஒங்ககிட்ட எப்படிக் கேக்குறது?" என்று சிரித்தது. நானும் சிரித்தேன். முடிக்காததற்குக் காரணம் அந்தக் குளம்தான். குளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். நான் குதித்த அன்றைக்கே என் அப்பா பயந்துபோய்ப் படிப்பை நிறுத்திவிட்டார். உதயசூரியன் மறுநாள் பள்ளிக்கூடம் போய் இயக்குநர் ஆனார். நான் மறுநாள் ஆடு ஓட்டிப் போய்த் தெய்வம் ஆனேன். இந்த இடம் படத்தில் இல்லை. மனுவிலாவது இருக்கட்டும் என்று எழுதினேன்.

8. வரும் தை மாதம் பலகையை எடுத்துவிட்டுச் செங்கல்லில் கட்டிக் குடமுழுக்குச் செய்ய நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். செங்கல் ஏறிவிட்டால் அப்புறம் கலெக்டரே வந்தாலும் மடை திறக்காது.

9. மற்ற எட்டுக் குடும்பத்தாருக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் இதில் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள். அதற்குப் பதிலாக இந்த மனு ஜெயிக்க வேண்டும் என்று நேற்று அந்தக் கோயிலிலேயே அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஆகவே ஐயா அவர்கள், மேற்படி பலகைக் கோயிலை அகற்ற உத்தரவு போட வேண்டுகிறேன். ஆள் அனுப்பச் சிரமம் என்றால் வேண்டாம், என் கோயிலை நானே பிரித்துக்கொள்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் ஒரு மணி நேரம் குடை பிடித்து நின்றால் போதும். சந்தனம் அண்ணன் வந்து முறைப்படி வழியனுப்பிவைக்கட்டும், அந்த மரியாதையை நான் கெடுக்க மாட்டேன். பாவாடையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, கம்பியை நானே திருகுவேன். சாமி குத்தம் வந்தால் அது எனக்கும் எனக்கும் உள்ள விவகாரம், நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். பயிர் மட்டும் அதுவரை காத்திருக்காது.

நாள்: 22.12.2025
இடம்: ஆவரங்காட்டுப்பட்டி

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை உயிரோடிருக்கும்,
நா. காத்தாயி