சக்கரம் தரையில் நிற்கும்போது

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றும் என் மனைவி தமயந்திக்கு நான்தான் தலை சீவிவிட்டேன். அவள் இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. மெதுவாகச் சீவச் சொன்னாள். மெதுவாகத்தான் சீவினேன். இந்த வீட்டில் நான் எதைத் தொட்டாலும் முரட்டுத்தனம் என்று முடிவாகிவிட்டது.

போன ஞாயிறு கல்கத்தா கோனா எக்ஸ்பிரஸ்வேயில் அறுபதில் போய்க்கொண்டிருந்தோம். பாலத்து இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் ஜீப் ஆட ஆரம்பித்தது. சாதாரண ஆட்டம் இல்லை. இரண்டு முன்சக்கரமும் இடமும் வலமும் வெட்டி, ஸ்டீரிங் என் கையை உதறிவிட்டது. பிரேக் பிடிப்பதற்குள் இடது பக்கச் சுவரில் இடித்து நின்றோம். தமயந்தி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

கீழ் வீட்டில் இருக்கும் என் தம்பி பிரேம்குமார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் சொன்னது இது: "வீல் அலைன்மென்ட் பண்ணி பத்து நாள்கூட ஆகலண்ணே. வண்டில ஒண்ணுமில்ல. உங்களுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்."

ஐம்பத்தாறு வயசு. துறைமுகத்தில், கிடர்பூர் டாக்கில் முப்பத்தோரு வருஷமாக ட்ரெய்லர் லாரி ரிப்பேர் பார்க்கும் ஃபோர்மேன் நான். ஜெராக்ஸ் மிஷின் விற்கிறவன் எனக்கு வயசு சொல்கிறான்.

ஜீப் எங்கள் இருவருக்கும் பொது. துர்கா பூஜை சஷ்டியன்று எல்லோரும் அதில் மலைக்குப் போவதாகத் திட்டம். இப்போது என்னை ஓட்டவே விடமாட்டானாம். ஓட்டட்டும். தன் மகளை உட்கார வைத்துக்கொண்டு மலை வளைவில் அந்த ஆட்டம் வந்தால் தெரியும். அதற்குள் நான் கோளாறைக் கண்டுபிடித்து அவன் மூஞ்சியில் எறிகிறேன்.

ஆகஸ்ட் 27

சாவி கேட்டு அவன் மகள் மஹிமாவை அனுப்பினேன். சாவியோடு அலைன்மென்ட் கடையின் ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறான். எல்லா எண்ணும் பச்சையில். "அப்பா உங்கள பாக்கச் சொன்னாரு பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஓடியே போனாள். பார்த்தேன். நிற்கிற வண்டியை அளந்து கொடுத்த காகிதம். நிற்கிற வண்டி எங்கே ஆடும்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கிவிட்டேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பேரிங் கெட்டி. இடமும் வலமும் ஆட்டினேன், டை ராட் முனைகள் கெட்டி. பால் ஜாயின்ட் கெட்டி. ஒரு இடத்திலும் லூஸ் இல்லை. மூன்று மணி நேரம். ஜன்னலிலிருந்து பிரேம் பார்த்துக்கொண்டே நின்றான், வெளியே வரவில்லை.

அப்படியென்றால் அவன் சொன்னதுதான் சரியா? சே.

செப்டம்பர் 4

ஸ்டீரிங் ஆட்டத்தை அமுக்க பிரேம் புது டேம்பர் வாங்கி மாட்டியிருக்கிறான். ஜுரக்காரனுக்குப் பவுடர் பூசின கதை. ஆட்டம் கொஞ்ச நாள் அடங்கியது போலத் தெரியும், கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். சொன்னால் கேட்பானா? சொல்லப்போவதும் இல்லை.

செப்டம்பர் 7

மறுபடி ஜாக்கி. மறுபடி ஒன்றுமில்லை.

இப்படிப் பார்த்தால் கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா என்ன. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கியிருக்க வேண்டும். என்ஜின் ஓட வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும், இன்னொரு ஆள் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆள் வேலை.

யாரைக் கூப்பிடுவது? பிரேமை? செத்தாலும் மாட்டேன். பக்கத்து வீட்டு சாஹாவோடு வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை, இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. டாக் ஆட்களைக் கூப்பிட்டால் ஃபோர்மேன் சுவரில் இடித்த கதையைக் கேட்டுச் சிரிக்கத்தான் வருவார்கள். இந்த மொத்தக் கல்கத்தாவில் எனக்காக ஒரு ஸ்டீரிங்கைப் பிடித்து ஆட்ட ஆள் இல்லை. போகட்டும், எவனும் வேண்டாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தமயந்தி தானே கீழே இறங்கி வந்தாள். "வலது கை நல்லாத்தானே இருக்கு, நான் ஆட்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். பவர் ஸ்டீரிங், ஒரு கை போதும். விபத்துக்குப் பிறகு இன்றுதான் அதில் ஏறுகிறாள். முதலில் கதவை இறுகப் பிடித்தாள், அப்புறம் சாவியைத் திருகினாள்.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். இடது, வலது, இடது என்று குரல் கொடுத்தேன். நாலாவது ஆட்டத்தில் கிடைத்துவிட்டது. ட்ராக் பார். முன் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடித்து வைக்கும் கம்பி அது. சேஸிப் பக்க முனையில் ரப்பர் புஷ் கிழிந்து, சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ஆக்ஸிலே அரை விரற்கடை நகர்ந்தது. தூக்கி வைத்துப் பார்த்தால் அங்கே பாரமே இல்லை, எப்படித் தெரியும்!

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான்.

புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தேன். தேய்ந்து போகவில்லை. முறுக்கிக் கிழிந்திருக்கிறது. ஐந்து மாசம்தான் ஆகிறது அதை மாட்டி. மாட்டியது யார்? நான். பெரிய டயர் போட வேண்டும் என்று ஏப்ரலில் பிரேம் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினான், அதற்கு நீள ட்ராக் பார் நான் போட்டேன். அன்றைக்கும் சண்டைதான். இன்னும் எவ்வளவு நேரம் என்று ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். கோபத்தில், முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டேன். வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கியதுமே ரப்பர் திருகிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு குழியிலும் கிழியும். டாக்கில் இதே தப்புக்கு எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

"என்ன, கெடச்சுதா?" என்று மேலிருந்து கேட்டாள்.

அலைன்மென்ட் கடைக்காரன் கெடுத்திருக்கிறான் என்றேன். புஷ் என் சட்டைப்பையில் இருந்தது.

செப்டம்பர் 16

கடைக்காரன் தப்பு என்று தமயந்தி சொல்லக் கேட்டு பிரேம் மாடி ஏறி வந்தான். லேக் மார்க்கெட்டிலிருந்து காபிப்பொடி வாங்கி வந்திருந்தான். தமயந்தி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் பேசினது தப்புண்ணே" என்றான். நாற்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக என்னிடம் தப்பு என்கிறான். இதற்குத்தானே ஒரு மாசமாக எரிந்துகொண்டிருந்தேன்?

கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன் என்றான். நான் தடுக்கவில்லை. காபி குடிக்கப் பிடிக்கவில்லை, குடித்தேன்.

செப்டம்பர் 17

விஸ்வகர்மா பூஜை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து சாமி முன்னால் அடுக்கியிருந்தது. இன்று யாரும் கருவியைத் தொடக்கூடாது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் மஹிமா படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவோடு அலைன்மென்ட் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கேயும் பூஜை. கடைக்காரர் பிரசாதத் தட்டோடு எழுந்து வந்திருக்கிறார். அவருடைய ஆட்கள், குடும்பம், எல்லோர் முன்னாலும் "என் அண்ணியக் கொல்லப் பாத்தவன் நீ" என்று பிரேம் கத்தியிருக்கிறான். மஹிமா கேட்டாள்: "அவர் மிஷினைத் தொட்டு சத்தியம் பண்ணார் பெரியப்பா. பூஜை அன்னிக்கு. நெஜமாவே அவர்தான் பண்ணாரா?"

உடனே கீழே போனேன். புஷ்ஷை பிரேம் கையில் வைத்தேன். "நான் மாட்டினது. தொங்கவிட்டு முறுக்கிட்டேன். கடைக்காரர் மேல தப்பில்ல" என்றேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். "அண்ணிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

தெரியாது என்றேன். தமயந்தி என் பின்னாலேயே இறங்கி வந்து நின்றிருக்கிறாள்.

செப்டம்பர் 18

தமயந்தி ஒரே கையால் தானே தலை சீவிக்கொண்டாள்.

செப்டம்பர் 21, மஹாளயா

நானும் பிரேமும் புது புஷ் போட்டோம். ஸ்பேனர் நம்பரைத் தவிரப் பேச்சில்லை. இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகு முறுக்கினேன். அவன் பக்கத்தில் குனிந்து பார்த்தான். நம்பவில்லை என்றுதான் அர்த்தம். பார்க்கட்டும்.

செப்டம்பர் 22

ட்ராக் பாரில் கை வைத்தால் அலைன்மென்ட் திரும்பப் பண்ணியாக வேண்டும். அதே கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு வேலையை முடித்தார். உட்காரச் சொல்லவில்லை. வரும்போது கோனா பாலத்து இணைப்பில் அதே அறுபதில் ஏற்றினேன். அசையவில்லை.

செப்டம்பர் 23

ராத்திரி மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வேலைக்குப் போகவில்லை. நானும் தமயந்தியும் ஒரே வீட்டில் நாள் முழுக்க. பேச்சில்லை.

செப்டம்பர் 27

கட்டுப் பிரித்தாயிற்று. கை மெலிந்து வெளுத்திருக்கிறது. மலைக்கு மூன்று பேர்தான் போகிறார்கள்: பிரேம், மஹிமா, தமயந்தி. பெட்டி கட்டிக்கொண்டே சொன்னாள்.

அந்த ஜீப்பிலா, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"வண்டி நீங்க சரி பண்ணது. அதுல எனக்கென்ன பயம்? நீங்க கூட வர வேணாம்."

ஒரு மாசம் அவள் கை மாவுக்கட்டில் இருந்தபோது நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

செப்டம்பர் 28, சஷ்டி

காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். டயரில் காற்றுப் பார்த்துக் கொடுத்தேன்.

பகல் முழுக்கப் பூஜைப் பந்தலில் மேளச் சத்தம். ஃபிரிட்ஜில் சாம்பார் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாலு மணிக்கு மஹிமாவிடமிருந்து செய்தி: 'ஃபராக்கா பாலம் தாண்டியாச்சு. எண்பதுல கூட ஆடல பெரியப்பா, அப்படியே ஸ்ட்ரெய்ட்.' எண்பதில் அவன் எதற்குப் போகிறான், கழுதை. அறுபதைத் தாண்டக் கூடாது என்று அப்பாவிடம் சொல் என எழுதினேன். பெரியம்மா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டேன்.

பதிலாகப் படம் அனுப்பினாள். தமயந்தி முன்சீட்டில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்குகிறாள்.

இருபத்தாறு வருஷத்தில் நான் ஓட்டும்போது அவள் ஒரு தடவைகூடத் தூங்கியதில்லை.