அக்கினி மூலையில் இருந்த தொட்டி

1978 மார்ச் 14, செவ்வாய்

இன்று சொல்லாதது: "வெயில் சும்மாதானே காயுது, மெஷின் எதுக்கு அப்பா?"

களத்தில் போட்ட ஜவ்வரிசி மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. இந்த வெயிலில் எங்கள் சேகோ ஆலைக்கு உலர்த்தும் மெஷின். காரணம் உற்பத்தி அல்ல, வரி.

ஆடிட்டர், மோர் குடித்தபடி: "இந்த மாசத்துக்குள்ள மெஷின் வந்து ஓடியாகோணுங்க. அப்பத்தான் சலுகை."

என் தொட்டிக்கும் சலுகை உண்டா என்று கேட்டேன். உடைந்த கடப்பாக் கல்லில் கட்டவைத்தது. அகலம் அதிகம், ஆழம் குறைவு. ஆலையின் பெரிய தொட்டியில் மரவள்ளிக் கிழங்குப் பால் படிய ராத்திரி முழுக்க ஆகும். இதில் பாதி நேரம், மாவும் வெள்ளை. பெரிதாகக் கட்டிப் பார்க்க வேண்டும்.

"ஆராய்ச்சிக்கும் வரிக்கழிவு உண்டுங்க அம்மிணி. பில்லு எங்கீங்க?"

பில் இல்லை. செலவே ஆகவில்லை.

"செலவில்லாததுல என்னத்தைக் கழிக்கறது!" அண்ணன் சிரித்ததில் வாயிலிருந்த முறுக்கு தெறித்தது.

மார்ச் 20, திங்கள்

சங்ககிரி லாரியில் மெஷின் வந்தது. அப்பா: "நெருப்புச் சாமான். அக்கினி மூலையிலதான் வெக்கோணும்."

தென்கிழக்கு. என் தொட்டி இருக்கிற மூலை.

"அங்க தண்ணி நிக்கறதே தப்பு சாமி. அதனாலதான் தொழில் ஏறல," என்றார் அப்பா.

"நேரம் மிச்சமாகுதே அப்பா. ஒரு சீசன் பாருங்களேன்."

"நேரத்தை ஆடிட்டர்கிட்டக் காட்ட முடியுமா?"

சாயங்காலம் தொட்டியை இடிக்கக் கடப்பாரை. பார்க்கப் போகவில்லை. சத்தம் கேட்டது.

பூசைக்கு: சாம்பிராணி, எலுமிச்சை, பூசணிக்காய். பட்டியல் எழுதியதும் நான்தான். தூ.

மார்ச் 27, திங்கள்

கரண்ட் கட். ஆனால் ஓடியே ஆக வேண்டும். எருமப்பட்டியில் பண்டிகைக்கு சீரியல் லைட் போடுகிறவரின் ஜெனரேட்டரை அண்ணன் பிடித்துவந்தான். மெஷினின் காலி உருளை சுற்றியது. மாலையோடு போட்டோ.

கிழங்கு உரிக்கிற பாவாயி: "ஏனுங்க, உள்ள ஒண்ணும் போடலீங்களா?"

"போட்டா மெஷின் அழுக்காயிருமாக்கும்," என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். 'அப்பாவை வெறுக்கிறேன்' என்று எழுதிப் பார்க்கிறேன். பொய்யாகத் தெரியவில்லை.

டிசம்பர் 2, சனி

புதுக் கிழங்கு வரத்து. பனி.

சலுகை கிடைத்துவிட்டது. போட்டோ எடுத்த அன்றைக்குப் பிறகு மெஷின் ஓடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. அதன் மேல் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசி வைக்கிறார்கள். கிழங்குப் பால் பழையபடி பெரிய தொட்டியில், ராத்திரி முழுக்கப் படிகிறது.